கடைக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு: முதலுக்கே மோசமானதும் பிறகு மீண்டதும்



மளிகைக்கடை நண்பர்கள் மண்டிக்கு வரும்போது இப்போதெல்லாம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "அண்ணாச்சி, கடைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. சிந்துகிற தானியம், கழிக்கிற குருணை எல்லாம் வீணாகத்தானே போகிறது? நாலு கோழி வாங்கி விட்டால் என்ன?" என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். 2018-ஆம் ஆண்டு ஆவணியில் நாமும் இதே கணக்கைப் போட்டுத்தான் கோழி வளர்ப்பில் இறங்கினோம். மூன்றே மாதத்தில் முதலுக்கே மோசம் வந்தது. நம் முதல் மட்டும் போயிருந்தால் இங்கே எழுத வந்திருக்க மாட்டோம். நம்மால் இன்னொருவர் முதலும் போயிற்று. அதனால்தான், புதிதாகத் தொடங்குகிற நண்பர்களுக்கு உதவட்டும் என்று நம் தவறுகளோடு சேர்த்தே எழுதுகிறோம்.

தானிய மண்டி நடத்தி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. கம்பு, சோளம், மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு எல்லாம் நம் கிட்டங்கியில் வந்து இறங்கிப் போகிற சரக்குகள். கோழிப்பண்ணைக்காரர்களுக்கே தீவனச் சரக்கு கொடுக்கிற நமக்குக் கோழி வளர்க்கத் தெரியாதா என்ற எண்ணம் இருந்தது. முதல் தவறு அந்த எண்ணம்தான்.

குஞ்சு இறக்கிய நாள்

ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் 25 வாங்கினோம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுவே போதும். நூறு வாங்கினால் விலை குறையும் என்பார்கள். சரக்கில் அது சரி. கற்றுக்கொள்ளும் காலத்தில் தவறு நடக்கும். தவறு 25-ல் நடப்பதற்கும் 100-ல் நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். இரண்டு நாள்வரை அதை வைத்தே குஞ்சு தாங்கும். பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிவது இதனால்தான். வீட்டுக்கு வந்தவுடன் முதலில் கொடுக்க வேண்டியது தண்ணீர். சிறிது வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகை ஒரு முறை நனைத்து விட்டால் பிறகு தானே குடிக்கும். தண்ணீர்த் தட்டு ஆழமாக இருக்கக்கூடாது. இருந்தால் குஞ்சு விழுந்து நனைந்து குளிரில் சாகும். தட்டில் கூழாங்கற்கள் போட்டு வைக்கலாம்.

தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு நாம்தான் சூடு தர வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். நம் தென்மாவட்ட வெயிலுக்கு மூன்று நான்கு வாரம் கழித்துப் பகலில் விளக்கே வேண்டியதில்லை. குஞ்சுக்கு 2 வாட் என்று வைத்தால் 25 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு போதும். எல்.இ.டி. விளக்கு போட்டுப் பயனில்லை. அது வெளிச்சம் தரும், சூடு தராது. வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும். விளக்கின் அடியில் நெருக்கிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது. விலகி ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்து மேய்ந்தால் சரியாக இருக்கிறது.

தரையில் இரண்டு அங்குலம் உமி பரப்பி, முதல் சில நாட்களுக்கு மேலே செய்தித்தாள் விரிக்க வேண்டும். சுற்றிலும் அட்டையை வட்டமாக நிறுத்த வேண்டும். வட்டம் என்பது முக்கியம். நாம் பழைய மரப்பெட்டி இருக்கிறதே என்று அதில் விட்டோம். நான்காம் நாள் இரவு மின்சாரம் நின்றது. குளிர் தாங்காமல் குஞ்சுகள் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. விடிந்து பார்த்தால் அடியில் கிடந்த மூன்று செத்திருந்தன. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும் என்பதை அன்று கண்டோம். வட்டத்துக்கு மூலை கிடையாது. மூலை இல்லாவிட்டால் அப்படி ஏற முடியாது.

கிட்டங்கிக் கூட்டல் தீவனமாகாது

மீதி 22 குஞ்சுகளும் தேறி வந்தன. முதல் நான்கு வாரம் கடையில் வாங்கிய குஞ்சுத் தீவனம் கொடுத்தோம். அதற்குப் பிறகு வியாபாரி புத்தி வேலை செய்தது. கிட்டங்கியில் கூட்டி அள்ளுகிற மக்காச்சோளமும், சாக்கின் அடியில் தங்கிய புண்ணாக்குத் தூளும் இருக்கும்போது காசு கொடுத்து எதற்கு வாங்குவது என்று அதையே போட்டோம். ஐப்பசி மழையில் நனைந்து கட்டி தட்டிய ஒரு சிப்பம் மக்காச்சோளமும் அதில் சேர்ந்தது. கோழிதானே, தின்னட்டும் என்று விட்டோம்.

இந்த இடத்தில் பழைய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. ஆராய்ந்து பார்த்தபோது பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்து, அதில் நஞ்சு ஊறியிருந்தது தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்று அந்த நஞ்சுக்குப் பெயர் வைத்தார்கள். கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் அது எளிதில் வரும். பூஞ்சை பிடித்த தானியத்தை வெயிலில் காயவைத்தால் பூஞ்சை காயும், நஞ்சு போகாது. அது கோழியின் ஈரலைக் கெடுக்கும். நோய் எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும். அப்படிப்பட்ட கோழிக்குத் தடுப்பூசி போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது.

மக்காச்சோளம் கொள்முதல் செய்யும்போது ஈரப்பதம் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. 12, 13 சதவீதத்துக்கு மேல் போனால் விலையில் கழிவு பிடிக்கிறோம். விற்கிற சரக்குக்குப் பார்த்ததை வீட்டுக் கோழிக்குப் பார்க்கவில்லை.

மளிகைக்கடை நண்பர்கள் வேறு சில பொருள்களையும் கவனிக்க வேண்டும். பழைய மிக்சர், காராசேவு, ஊறுகாய் சேர்ந்த சோறு ஆகியவற்றில் உப்பு அதிகம். குஞ்சுகளுக்கு உப்பு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. வண்டு மாத்திரை வைத்த தானியத்தை நன்றாகக் காற்றாட விடாமல் போடக்கூடாது. மருந்து கலந்த விதைத் தானியம் கூடவே கூடாது. எலி மருந்து வைத்த இடத்தில் கூட்டி அள்ளியதும் ஆகாது.

எட்டு வாரம்வரை குஞ்சுத் தீவனமே நல்லது. அதன் பிறகு சொந்தமாகக் கலப்பதானால் பாதி நல்ல தானியம், கால் பங்கு போலப் புண்ணாக்கும் உப்பில்லாத கருவாட்டுத் தூளும், மீதி தவிடும் தாது உப்புக் கலவையும் என்று வைத்துக்கொள்ளலாம். முட்டையிடும் பருவத்தில் ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் வேண்டும்.

குறைந்த சரக்கை நிரப்பியது

பத்து வாரம் ஆயிற்று. 22 கோழிகளும் துள்ளித் திரிந்தன. 25 என்று சிட்டையில் எழுதியது 22 ஆகிவிட்டதே என்று மனத்தில் ஓர் உறுத்தல். வாரச் சந்தைக்குப் போனபோது முட்டையிடும் பருவத்தில் ஐந்து பெட்டைகள் கண்ணில் பட்டன. விலையும் மலிவு. வாங்கி வந்து அன்று மாலையே கூட்டத்தோடு விட்டோம். குறைந்த சரக்கை நிரப்பிய திருப்தி.

ஆறாம் நாள் சந்தைக் கோழி ஒன்று இறக்கையைத் தொங்கவிட்டு ஒடுங்கி நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. மறுநாள் செத்துப் போயிற்று. கடைப் பையன் அதைத் தூக்கித் தெருக்கோடிக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டு வந்தான். நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கடுத்த நாளே நம் குஞ்சுகளில் நாலைந்து ஒடுங்கத் தொடங்கின. ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "நல்லா நிக்கிறதை எல்லாம் இன்னைக்கே கறிக்கடைக்குத் தள்ளி விட்டுருங்க அண்ணாச்சி. போட்ட காசாவது வரும்" என்றார். நஷ்டத்தைக் குறைப்பது வியாபாரத்தில் குற்றமில்லை என்று நினைத்து ஆளையும் வரச் சொன்னோம். வந்தவர் தராசையும் தொங்கவிட்டுவிட்டார்.

அப்போது நம் வீட்டு அம்மாள் பின்வாசலில் வந்து நின்று, "ஏங்க, சந்தையில நோய்க்கோழியைத் தலையில கட்டிட்டான்னு காலையில இருந்து யாரையோ திட்டிட்டு இருந்தீங்களே, இப்ப நீங்க செய்யிறது என்ன?" என்று கேட்டார்.

பதில் சொல்ல முடியவில்லை. சந்தையில் நமக்கு விற்றவரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார். வந்தவரை அனுப்பிவிட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம்.

மருத்துவர் செத்த கோழியை அறுத்துப் பார்த்தார். இரைப்பைக்குள் இரத்தப் புள்ளிகள் இருந்தன. வெள்ளைக்கழிச்சல் என்றார். 1926-ல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரிலும் ஜாவா தீவிலும் கண்டுபிடிக்கப்பட்ட நோய் அது. நம் நாட்டில் குமாயூன் மலையில் உள்ள இராணிக்கெட் ஊரின் பெயரால் இராணிக்கெட் நோய் என்கிறார்கள். வந்த பிறகு மருந்து கிடையாது. ஈரல் வெளுத்து மஞ்சளாக இருந்ததையும் அவர் காட்டி, என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று கேட்டார். தானிய வியாபாரி என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

"ஏழாம் நாள் சொட்டு மருந்து போட்டோமே ஐயா" என்றோம். அந்தச் சொட்டு மருந்து தரும் காப்பு சில வாரங்களுக்குத்தான் என்றும், நான்காம் ஐந்தாம் வாரத்தில் மறுபடி சொட்டும் எட்டாம் வாரத்தில் ஊசியும் போட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். புதிதாக வாங்கிய கோழியை ஒரு மாதமாவது தனியாக வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். வண்டு விழுந்த அரிசி மூட்டையைப் புதுச்சரக்கோடு சேர்த்து அடுக்குகிற வியாபாரி நம்மில் யாரும் உண்டா? உயிருள்ள சரக்கில் நாம் அதைத்தான் செய்திருந்தோம்.

பத்து நாளில் 27 கோழிகளில் 21 போயின. மிஞ்சியது 6.

நம் கணக்கில் எழுதாத எட்டுக் கோழி

நம் தெருக்கோடியில் கணவரை இழந்த ஓர் அம்மாள் இருக்கிறார். எட்டு நாட்டுக்கோழிகள் வைத்திருந்தார். முட்டை விற்ற காசில்தான் அவர் வீட்டுப் பாலும் மருந்தும் நடந்தன. அவருடைய கோழிகள் மேய்வது அந்தக் குப்பைமேட்டில்தான். நம் கோழிகள் செத்து முடிவதற்குள் அவர் கோழிகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. எட்டில் ஏழு போய்விட்டன.

கண்பட்டுவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். காரணம் நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்துவிட்டால் யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை. இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் போய்ச் சொன்னோம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கோழிக்கு நோவு வந்தாச் சாகத்தான் செய்யும் அண்ணாச்சி. செத்ததைப் புதைக்கக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. "காசு வாங்கி என்ன செய்ய, கோழியாக் கொடுங்க, நல்லா வளர்ந்ததாக் கொடுங்க" என்றார். நம் பேரேட்டில் அவர் பெயருக்கு ஏழு பெட்டைக் கோழி பற்று என்று எழுதி வைத்தோம்.

இரண்டாவது முறை

மிஞ்சிய ஆறு கோழிகளை வெளியே விடாமல் தனியே அடைத்தோம். நோயிலிருந்து பிழைத்த கோழியும் கொஞ்ச காலம் நோயைப் பரப்பும் என்பதால் அவற்றை வீட்டுச் சமையலோடு முடித்துவிட்டோம். செத்தவற்றை மூன்றடி ஆழம் தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். கூட்டின் பழைய உமியை எரித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதத்துக்கு மேல் காலியாகப் போட்டோம். கிட்டங்கிக்கு வந்து போகிற சாக்குகளைக் கூட்டுப்பக்கம் கொண்டுபோவதை நிறுத்தினோம். பண்ணைகளிலிருந்து திரும்பி வரும் சாக்கிலும் செருப்பிலும்கூட இந்த நோய் வரும்.

2019-ஆம் ஆண்டு தை மாதம் 30 குஞ்சுகள் வாங்கினோம். இந்த முறை அந்த அம்மாளே வந்து பார்த்துச் சொல்லிக் கொடுத்தார். காக்கைக்கு வலை, கீரிக்குச் சிறு கண்ணிக் கம்பி, கூட்டின் கதவு இருட்டும் முன்னே அடைக்க வேண்டும் என்பன போன்றவை அவர் சொன்னவை. ஏழாம் நாள் சொட்டு, நான்காம் வாரம் சொட்டு, ஏழாம் வாரம் அம்மைத் தடுப்பூசி, எட்டாம் வாரம் கழிச்சலுக்கு இறக்கையடியில் ஊசி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததை, செக் தேதியை எழுதி வைப்பதுபோல் நாட்காட்டியில் குறித்து வைத்தோம். தடுப்பூசியை நல்ல கோழிக்குத்தான் போட வேண்டும். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டு வர வேண்டும், கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்.

30-ல் 2 செத்தன. மீதியில் 15 பெட்டை, 13 சேவல். ஊசி முடிந்து, மூன்று மாதம் ஆனதும் ஏழு பெட்டைகளை அந்த அம்மாள் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். பேரேட்டில் பற்று நேரானது.

கணக்கு என்ன சொல்கிறது?

வணிகர்கள் கேட்கிற கடைசிக் கேள்வி இதுதான். முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். வருடத்துக்கு 40 கிலோ ஆகிறது. நாமக்கல் பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். அதனால் அங்கே ஒரு முட்டைக்கு ஆகும் தீவனம் 135 கிராமுக்குள் அடங்கிவிடும். வீட்டில் வளர்க்கிற மேம்பட்ட இனங்கள் 150 முட்டை இட்டால், அடைத்து வைத்துத் தீவனம் போடுகிறவருக்கு முட்டைக்கு 270 கிராம் ஆகும். தூய நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 70 முட்டைதான் இடும். அது மேய்ந்து தின்றால்தான் கட்டும். ஆகவே நாமக்கல் முட்டையோடு விலையில் போட்டி போட நினைக்க வேண்டாம். நாட்டு முட்டைக்கு உள்ள தனி விலையும், மேய்ச்சலில் மிச்சமாகும் தீவனமும்தான் நம் லாபம்.

நம்மிடம் தங்கிய எட்டுப் பெட்டைகள் முதல் வருடம் 1,140 முட்டைகள் இட்டன. வாங்கிப் போட்ட தீவனம் 260 கிலோ. காலை மாலை உழைத்த நம் கூலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் லாபம். சேர்த்தால் சரிக்குச் சரி. உள்ளதைச் சொல்லிவிட்டோம். பெரும் லாபம் என்று யாராவது சொன்னால் அவர் கூலியையும் செத்த கோழியையும் கணக்கில் விட்டிருப்பார்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

தடுப்பூசி மருந்தின் சின்னக் குப்பியே நூறு கோழிக்கு உரியது. இருபத்தைந்து கோழி வைத்திருப்பவர் ஒரு குப்பி வாங்கினால் முக்கால் பங்கு வீணாகும். இதற்காகவே பலர் போடாமல் விடுகிறார்கள். ஒரு தெருவில் நான்கு பேர் சேர்ந்தால் வீணாகாது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத்துறை கிராமங்களில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறது. அந்தத் தேதியைக் கேட்டறிந்து ஒவ்வொரு கடை வாசலிலும் எழுதிப் போட்டால் என்ன? மளிகைக்கடைக்கு வராத வீடு ஊரில் இல்லை.

இன்னொன்று. கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் மறைக்க வேண்டாம். 2006-ல் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்ததிலிருந்து இது கோழியோடு முடிகிற விஷயமில்லை என்று ஆகிவிட்டது. உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். விற்க வேண்டாம். வெளியே எறிய வேண்டாம்.

கோழி வளர்க்க விரும்பும் நண்பர்கள் தாராளமாகத் தொடங்கலாம். குஞ்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் தடுப்பூசித் தேதிகளை எழுதி வாங்குங்கள். ஒரு மண்வெட்டியும் கொஞ்சம் சுண்ணாம்பும் கூட்டின் அருகே இருக்கட்டும். அந்த அம்மாளிடம் இன்று பன்னிரண்டு கோழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிப்ரவரியிலும் தடுப்பூசிக்காரர் தெருவுக்கு வந்ததும் முதல் ஆளாக நம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, கோழியைப் பிடிச்சு வச்சாச்சா?" என்று கேட்பவர் அவர்தான்.